பெயர் சொல்லி நன்றி

புனேயை ஒட்டிய நிக்டி பிராதிகரணில் எங்கள் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. பத்து மணிக்குக் கூட்டம் என்றால் அரை மணி நேரம் முன்னதாகவே ஒருவர் போய் அரங்கைத் திறந்தாக வேண்டும். சன்னல்களைத் திறந்து, மின்விசிறிகளை ஓடவிட்டு, மூலையில் அடுக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்து அரைவட்டமாகப் போட வேண்டும். கிளப்பின் பேனரைச் சுவரில் கட்டி, போடியத்தை வெளிச்சம் விழும் இடத்துக்கு நகர்த்தி, நேரம் பார்ப்பவரின் மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை வைக்க வேண்டும். வாக்குச் சீட்டுகள், பேனாக்கள், தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்த பிறகு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் இவ்வளவையும் திரும்ப எடுத்துவைத்து, பூட்டி, சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்தப் பொறுப்புக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸில் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் என்று பெயர். சென்ற ஆண்டுக் குழுவில் அது என் பொறுப்பாக இருந்தது.

ஜூன் மாதத்தின் கடைசிக் கூட்டத்தில் அந்த ஆண்டின் சிறந்த தன்னார்வலர் என்று என்னை அழைத்து ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதை எனக்குக் கொடுத்த விதம்தான் நான் எழுத நினைப்பது. நன்றியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அன்று எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அந்த நன்றிக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு அந்தப் பாடத்தை நாலு பேருக்குச் சொல்வதுதான்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றியவர். அங்கே வரும் இளைஞர்கள் நாலு பேர் முன்னால் பேசத் தயங்குவதைப் பார்த்து, 1905இல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் அவர்களைக் கூட்டிவைத்துப் பேசப் பழக்கினார். பிறகு கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், 1924 அக்டோபர் 22 அன்று, ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் முறையான முதல் கிளப்பின் கூட்டத்தை நடத்தினார். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று 140க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தமிழிலேயே நடக்கும் கிளப்புகளும் உண்டு.

இந்தக் கிளப்புகளில் ஆசிரியர் என்று யாரும் கிடையாது. ஒருவர் பேசுவார், இன்னொருவர் அந்தப் பேச்சை மதிப்பிடுவார். ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் பேச்சின் நடுவே வரும் 'ஆ', 'ம்' போன்ற இழுவைகளை எண்ணுவார். ஒருவர் மொழிப் பயன்பாட்டைக் கவனிப்பார். அடுத்த வாரம் வேலைகள் கைமாறும். கிளப்பை நடத்தும் தலைவர், கல்வித் துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட ஏழு பேருக்கும் சம்பளம் இல்லை. ஜூலை 1 அன்று பொறுப்பேற்பார்கள், அடுத்த ஜூன் 30 அன்று ஒப்படைப்பார்கள். கூட்ட முடிவில் உறுப்பினர்கள் வாக்களித்து அன்றைய சிறந்த பேச்சாளரையும், சிறந்த மதிப்பீட்டாளரையும், முன்னேற்பாடின்றிப் பேசும் டேபிள் டாபிக்ஸ் பகுதியில் சிறந்தவரையும் தேர்ந்தெடுப்பார்கள். நாற்காலி போட்டவருக்கு அந்த வாக்குச் சீட்டில் இடம் கிடையாது. அதில் தவறும் இல்லை, பேச்சை வளர்ப்பதற்கான கிளப் அல்லவா!

எனக்குப் பவானி சொந்த ஊர். திருமணமாகி நிக்டிக்கு வந்தேன். போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் கணக்கு வேலை பார்க்கிறேன். இந்தப் பகுதி முழுவதும் தொழிற்சாலைகளால் வளர்ந்தது. 1954இல் பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பின்னால் டெல்கோவும் அகுர்டியில் பஜாஜ் ஆட்டோவும் வந்தன. அவற்றை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. வேலை தேடி வந்தவர்களுக்கு மனை பிரித்துக் கொடுக்க 1972இல் மாநில அரசு ஒரு நவநகர் வளர்ச்சி ஆணையத்தை அமைத்தது. அது உருவாக்கிய குடியிருப்புகளைத்தான் மக்கள் பிராதிகரண் என்கிறார்கள். அதனால் எங்கள் கிளப்பில் மராத்தியர், மலையாளிகள், தெலுங்கர், பீகாரிகள், தமிழர் எல்லாரும் கலந்திருப்போம். ஆங்கிலத்தில்தான் பேச்சு. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் இந்தியும் மராத்தியும் ஓடும். இளையவர்கள் என்னைத் 'தாயி' என்று அழைப்பார்கள். மராத்தியில் அது அக்காவுக்கான சொல். வயதில் மூத்தவர்களை நாங்கள் காகா என்றும் காகூ என்றும் அழைப்போம்.

நான் பேசக் கற்கத்தான் அங்கே போனேன். தணிக்கைக்கு வருகிறவர்கள் முன்னால் கணக்கை விளக்க வேண்டியிருந்தது. முதல் பேச்சுக்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயர், நான்கு முதல் ஆறு நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பேசினேன். தொடர்ந்து மற்ற பேச்சுகளையும் பேசினேன். ஆனால் என் மனம் அதிகம் ஒட்டியது கூட்டத்துக்கு முந்திய அந்த அரை மணி நேரத்தில்தான். ஆளில்லாத அரங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்துக்குத் தயாராவதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்ததில்லை.

அந்த ஜூன் கூட்டத்துக்கு வருகிறேன். எங்கள் தலைவி என்னைவிட வயதில் இளையவர், தளவடேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மராத்தியப் பெண். வழக்கமாகப் பாராட்டுகள் கூட்டத்தின் கடைசியில்தான் வரும். அவர் அதை முதலில் வைத்தார். எல்லாரும் உட்கார்ந்து முடித்ததும், பேச்சுகள் தொடங்கும் முன்பே, போடியத்துக்குப் போய் என் பெயரைச் சொன்னார். பிறகு பேச்சை மதிப்பிடும் முறையிலேயே என் வேலையை மதிப்பிட்டார்.

எங்கள் கிளப்பில் மதிப்பீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 'நன்றாகப் பேசினீர்கள்' என்று மட்டும் சொன்னால் அது மதிப்பீடு ஆகாது. எந்த வாக்கியம், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அந்த இடத்தில் கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று சான்றோடு சொல்ல வேண்டும். மதிப்பிடுபவர் பேச்சு முழுவதையும் கவனித்திருந்தால்தான் அது முடியும். அந்த ஒழுங்கை அவர் நாற்காலி போடும் வேலைக்குப் பொருத்தினார்.

புதிதாக வருகிற விருந்தினரின் பெயரை நான் அவர் வாயாலேயே இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்வேன் என்றார். அறிமுகப்படுத்தும்போது பெயர் சிதையாமல் இருந்ததால்தான் வந்தவர்களில் சிலர் மறுவாரம் திரும்பி வந்தார்கள் என்றும், அதை அவர்களே தன்னிடம் சொன்னார்கள் என்றும் சொன்னார். மழைக்காலத்தில் வாசலில் பழைய சாக்கு ஒன்றை விரித்துவைப்பதைச் சொன்னார். முழங்கால் வலி உள்ள காகூவுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலியை ஓரத்தில் ஒதுக்கிவைப்பதைச் சொன்னார். ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் நான் போன் செய்து நலம் விசாரிப்பதைச் சொன்னார்.

கடைசியாக ஒரு காகாவின் ஐஸ் பிரேக்கர் பேச்சைப் பற்றிச் சொன்னார். அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் அவருக்கு எளிதில் வராது. தன் முதல் பேச்சின் நடுவில் சொல் வராமல் நின்றுவிட்டார். மஞ்சள் அட்டை எழுந்துவிட்டது. அரங்கில் யாரும் அசையவில்லை. பின்வரிசையில் இருந்த நான் சத்தம் எழாமல் முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், மராத்தியில் ஒரு வாக்கியம் சொன்னார், அதிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு வந்து பேச்சை முடித்தார். தலைவி இதைச் சொன்னபோது காகா எழுந்து நின்றார். "அன்று இவள் இடம் மாறி உட்காராமல் இருந்திருந்தால் நான் போடியத்தை விட்டு இறங்கியிருப்பேன்" என்று மராத்தியில் சொன்னார். அதன் பிறகுதான் கைதட்டினார்கள்.

எனக்குக் கண் நிறைந்தது. நான் செய்தவற்றை நானே கணக்கில் வைத்திருக்கவில்லை. சாக்கு விரித்ததும் நாற்காலியை ஒதுக்கியதும் கை போன போக்கில் நடந்தவை. அவற்றையெல்லாம் ஒருவர் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கவனிப்புத்தான் எனக்கு அன்று கிடைத்த பரிசு. 'எல்லா உதவிகளுக்கும் நன்றி' என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன், மறந்தும் போயிருப்பேன். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எடுத்துவைத்ததால், என் வேலையை முதல் தடவையாக நானே முழுசாகப் பார்த்தேன்.

அந்த இரவு எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. பவானியில் எங்கள் குடும்பத்துக்கு ஜமக்காள நெசவுதான் தொழில். குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்து கெட்டி நூலில் பட்டை பட்டையாக வண்ணம் ஓட்டி நெய்வார்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஊரில் ஓர் இலக்கிய மன்றம் இருந்தது. கூடுதுறைப் பக்கம் கூட்டம் நடக்கும். பட்டிமன்றம், வழக்காடு மன்றம், பொங்கல் விழா, திருக்குறள் விழா என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அப்பா எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. தறியில் நெய்த ஜமக்காளங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விரிப்பார். ஈரோட்டிலிருந்து வருகிற பேச்சாளரைப் பேருந்து நிலையத்தில் காத்திருந்து கூட்டிவருவார். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஜமக்காளங்களை உதறிச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வருவார். சிறுமியாக இருந்தபோது நானும் கூடப் போய் ஒரு முனையைப் பிடித்து மடித்திருக்கிறேன். ஆளில்லாத அரங்கு எனக்கு ஏன் பிடித்தது என்பதற்கு இதுதான் காரணம்.

நம் கூட்டங்களில் நன்றியுரை எப்போது வரும் என்று எல்லாருக்கும் தெரியும். சிறப்புப் பேச்சாளர் பேசி முடித்ததும் கூட்டம் எழ ஆரம்பிக்கும். செருப்பைத் தேடுவார்கள், குழந்தையைத் தூக்கிக்கொள்வார்கள், முன்வரிசையில் பேச்சாளரைச் சூழ்ந்து நிற்பார்கள். அந்த நேரத்தில்தான் ஒருவர் ஒலிபெருக்கி முன்னால் வந்து தாளைப் பிரிப்பார். தலைமை ஏற்றவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர் என்று வரிசையாகப் போய், கடைசியில் பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி தந்தவர், இடம் தந்தவர், தேநீர் கொடுத்தவர் எல்லாரும் ஒரே மூச்சில் வருவார்கள். நாட்டுப்பண் ஒலிக்க வேண்டும் என்பதால் அதையும் சுருக்கச் சொல்வார்கள். 'மற்றும் விழா சிறக்க உழைத்த அனைவருக்கும்' என்ற அந்த இடத்தில்தான் என் அப்பா பல ஆண்டுகள் இருந்தார். அவருக்கு அதில் குறை இருந்ததில்லை. எனக்குத்தான் இப்போது அதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பேச்சின் வரலாற்றிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. தமிழில் மேடைச் சொற்பொழிவின் தொடக்கங்களைச் சொல்கிறவர்கள் 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகர் தொடங்கிய பிரசங்கத்தைச் சொல்வார்கள். இரண்டாண்டுகள் கழித்து, 1849இல், திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டம் தந்தது. அந்தப் பட்டமே அவர் பெயராகிவிட்டது. தகுதிக்குக் கிடைத்த மிகப் பொருத்தமான அங்கீகாரம் அது. இங்கே புனேயில் மகாதேவ கோவிந்த ரானடே 1875இல் தொடங்கிய வசந்த வியாக்யானமாலா என்ற கோடைக்காலச் சொற்பொழிவுத் தொடர் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. இந்த மேடைகளில் பேசியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. அந்த மாலைகளில் விளக்கேற்றியவர்கள், பாய் விரித்தவர்கள், வீடு வீடாகப் போய் இன்று பிரசங்கம் இருக்கிறது என்று சொல்லிவந்தவர்கள் யார்? பேச்சு பிறக்க அவர்களும் காரணம். வரலாறு எழுதுகிறவர்களால் எல்லாப் பெயரையும் எழுத முடியாது. ஆனால் ஒரு கூட்டத்தை நடத்துகிறவர்களால் அந்த நாளில், அந்த இடத்தில், அந்தப் பெயர்களைச் சொல்ல முடியும்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் வரலாற்றில் பெயர் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. அது என்னை மிகவும் பாதித்தது. நீண்ட காலம் அந்த இயக்கம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண் 1970இல் சேர விரும்பியபோது, பதிவேட்டில் ஹோமர் என்ற ஆண் பெயரில்தான் அவரைச் சேர்க்க முடிந்தது. 1973இல்தான் பெண்கள் உறுப்பினராகலாம் என்று விதி மாறியது. 1985இல் அதே ஹெலன் அந்த உலக அமைப்பின் முதல் பெண் தலைவரானார். நிக்டியில் ஒரு பெண் தலைவி இன்னொரு பெண்ணின் பெயரைச் சொல்லி அழைத்துப் பாராட்ட முடிகிறது என்றால், தன் பெயரில் சேர முடியாமலும் விலகிப் போகாமல் உழைத்த ஒரு பெண்ணுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அவருக்கும் நான் கடன்பட்டவள்.

2014இல் கோலாலம்பூரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி வென்றார். ஏதோ ஒன்றைக் காண்கிறேன் என்பது அந்தப் பேச்சின் தலைப்புக்குப் பொருள். எங்கள் கிளப்பில் அந்தக் காணொளியைப் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டுவோம். முன்பெல்லாம் அவருடைய குரலையும் கை அசைவையும்தான் கவனிப்பேன். இப்போது அந்தத் தலைப்பைத்தான் நினைக்கிறேன். ஒருவரிடம் இருப்பதைப் பார்த்து, பார்த்ததை அவரிடமே சொல்வது ஒரு பெரிய உதவி.

நிக்டியில் வாழ்பவர்களுக்கு இதை ஆண்டுதோறும் தெருவிலேயே பார்க்கக் கிடைக்கிறது. ஜூன் அல்லது ஜூலையில் தேஹுவிலிருந்து பக்திக் கவிஞர் துக்காராம் மகராஜின் பால்கி, அதாவது பல்லக்கு ஊர்வலம், பண்டரிபுரத்துக்குப் புறப்படும். துக்காராமின் மகன் நாராயண மகராஜ் 1685இல் தொடங்கிவைத்த வழக்கம் என்பார்கள். தேஹுவை விட்டுக் கிளம்பிய பால்கி நிக்டி வழியாக வந்து அகுர்டி விட்டல் கோயிலில் இரவு தங்கும். எங்கள் கட்டடத்து மக்கள் சாலையோரம் மேசை போட்டுத் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுப்போம். சிலர் பால்கியோடு நடந்துவரும் யாத்திரிகர்களான வார்க்கரிகளின் கால்களை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவார்கள். வார்க்கரிகள் யாரைப் பார்த்தாலும் மாவுலி என்பார்கள். தாய் என்று பொருள், ஞானேஸ்வரர் என்ற மகானுக்கு உரிய அன்புப் பெயரும் அதுதான். தண்ணீர் கொடுக்கிறவரையும் மாவுலி என்பார்கள், வாங்குகிறவரையும் மாவுலி என்பார்கள். கொடுத்தவர் காலைத் தொட வாங்கியவர் குனிவார், வாங்கியவர் காலைத் தொடக் கொடுத்தவர் குனிவார். தொண்டு செய்கிறவரை உடனே, அந்த இடத்திலேயே, முகம் பார்த்து மதிக்கும் வழக்கம் இது. கூட்டம் லட்சக்கணக்கில் போனாலும் அவர்கள் அதை விடுவதில்லை.

அந்தப் பாதையில்தான் பக்தி சக்தி சிலை இருக்கிறது. துக்காராமும் சிவாஜி மகராஜும் சந்திக்கும் காட்சி. சிவாஜி அனுப்பிய பொன்னையும் பரிசுகளையும் துக்காராம் ஏற்காமல் திருப்பி அனுப்பினார் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் மரபுக் கதை. ஆனால் தன் கீர்த்தனையைக் கேட்க வந்தவரை அவர் ஏற்றுக்கொண்டார். தன்னார்வலரின் மனநிலையும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. கூலி வேண்டாம் என்றுதான் அவர் வேலைக்கு வருகிறார். கவனிப்பு வேண்டாம் என்று அதற்குப் பொருள் ஆகாது.

இந்தப் பாடத்தை நான் என் வாழ்க்கையில் கடைப்பிடிக்கிறேன். பட்டறையில் மாதக் கணக்கு முடிக்கும் நாளில், சரக்குப் பதிவேட்டை எழுதும் பையனிடம் 'நன்றி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. "நீ திரும்பி வந்த சரக்கைத் தனிப் பக்கத்தில் எழுதினாய், அதனால் எனக்கு அரை நாள் மிச்சமானது" என்று அவன் மேலாளர் காதில் விழும்படி சொல்கிறேன். கட்டடக் காவலாளியிடம், தண்ணீர் லாரி வந்த இரவில் அவர் எழுப்பிவிட்டதைச் சொல்கிறேன். மகளின் பள்ளிப் பேருந்து உதவியாளரிடம், மழையில் குழந்தைகளைக் குடை பிடித்து இறக்கிவிட்டதைப் பார்த்தேன் என்று சொல்கிறேன். இப்படிச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டும். நன்றி சொல்லும் பழக்கம் என் கண்ணைப் பழக்கியிருக்கிறது. முன்பு என் கண்ணில் படாத எத்தனையோ பேரின் உழைப்பில் என் நாள் நகர்கிறது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

அப்பாவுக்கும் போன் செய்தேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, தறியில் உட்காருவதில்லை. மன்றக் கூட்டங்களுக்கு அவர் ஜமக்காளம் விரித்ததையும், பேச்சாளர் கால் படும் இடத்தில் மட்டும் புது ஜமக்காளத்தைப் போட்டதையும், மழை வந்தால் முதலில் பெண்கள் பக்கத்து விரிப்பைத் திண்ணைக்கு இழுத்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "உங்ககிட்ட இருந்துதான் நான் இதைக் கத்துக்கிட்டேன், அப்பா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நான் மட்டுமா கண்ணு செஞ்சேன்? மைக் செட்டுக்காரரு மழையில நனைஞ்சுட்டே ஒயரு கட்டுவாரு. அவரையும் சேத்துச் சொல்லோணும்." தன்னைக் கவனித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் கை இன்னொருவரைக் காட்டியது. அங்கீகாரம் கிடைத்தவர் இன்னொருவரை முன்னால் கொண்டுவருவார் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். நானும் அப்படித்தான் செய்தேன். எனக்குப் பின் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் பொறுப்பேற்ற இளைஞரின் வேலையை ஆண்டு முழுவதும் கவனித்துக் குறித்துக்கொள்ளும் பொறுப்பைத் தலைவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

திருவள்ளுவர் இனியவை கூறலைப் பத்தாம் அதிகாரமாக வைத்தார். அடுத்த அதிகாரமே செய்ந்நன்றி அறிதல். நல்ல சொல்லைப் பேசக் கற்றவர் உடனே செய்ய வேண்டிய வேலை நன்றி பாராட்டுவது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பேச்சுப் பயிற்சி பெறுகிறவர்கள் போட்டியில் வெல்லப் பேசலாம், வேலை பெறப் பேசலாம், தேர்தலில் நிற்கவும் பேசலாம். உழைத்தவர் உட்கார்ந்திருக்கும்போதே அவர் செய்ததைத் தெளிவாக நாலு பேர் அறியச் சொல்லும் திறமையையும் அவர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு நன்றி சொன்ன எங்கள் தலைவி பேசியது சில நிமிடங்கள்தான். அந்தக் கிளப்பில் நான் கேட்ட பேச்சுகளில் மிகச் சிறந்தது அதுதான்.

அவருக்கும், அன்று எழுந்து நின்ற காகாவுக்கும், எனக்கு முன்னால் அதே நாற்காலிகளைப் போட்டு எனக்கு வேலை பழக்கிய மூத்த உறுப்பினர்களுக்கும் என் நன்றி.

கூட்டம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மன்றமோ, சங்கமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, கோயில் விழாவோ, உங்கள் அடுத்த நிகழ்ச்சி நிரலில் நன்றியுரையைக் கடைசி வரியிலிருந்து எடுத்து, சிறப்புப் பேச்சுக்கு முன்னால் வையுங்கள். பட்டியலை வாசிக்க வேண்டாம். உழைத்தவர்களில் இரண்டு பேரை மட்டும் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்து, அவர்கள் என்ன செய்தார்கள், அதனால் யாருக்கு என்ன நடந்தது என்று பெயரோடு சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் வேறு இரண்டு பேரைச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். செலவு ஒரு பைசா கிடையாது. இந்த வாரமே செய்து பாருங்கள்.